மூடுபனியைக் காணவில்லை

அத்தியாயம் 6

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மூடுபனி திருட்டுப் போய்விட்டது.

சைக்கிள் போகும், செருப்பு போகும், அசந்த நேரம் பார்த்து வாசல் பல்பு போகும். மூடுபனி போனது மனிதகுல வரலாற்றில் இதுவே முதல் தடவை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது அருங்காட்சியகத் தலைவரின் குரல் தழுதழுத்தது. மறுமுனையில் துப்பறிவாளர் மூக்கு, "எந்தப் பக்கமா போச்சு?" என்று கேட்டு, வழக்கின் மீது தன் முதல் வெளிச்சத்தைப் பாய்ச்சினார்.

முந்தைய ஐந்து அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் வருந்த வேண்டாம். அவற்றில் மூக்கு தன் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில் இருந்தது.

மூக்கு என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். ஏன் வைத்தது என்று இங்கே விளக்கப் போனால் அவர் அதிலும் அதை நுழைப்பார். அவருடைய உதவியாளன் அவர் மனைவியின் தம்பி. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், கிடைத்த வேலைக்குப் படிப்பு போதாமல், கடைசியில் அக்காவின் சிபாரிசில் துப்பறியும் துறைக்கு வந்தவன். அக்காவின் சிபாரிசு என்பது வேண்டுகோள் அல்ல. சோறு போடும்போது கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொல்லப்படும் தகவல்.

இருவரும் ஒரே குடையில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குடை மூக்குக்கு, மழை மைத்துனனுக்கு.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "குடையை இந்தத் தொட்டியில வெச்சுட்டுப் போங்க. ஈரக் குடை உள்ள போகக் கூடாது. படங்களுக்கு ஆகாது."

"அப்ப நான்?" என்று மைத்துனன் சொட்டச் சொட்டக் கேட்டான்.

"நீங்க உதறிட்டுப் போங்க."

மூக்கு குடையைத் தொட்டியில் போட்டுவிட்டு, கண்களை இடுக்கிக்கொண்டார். அது அவர் விசாரணையைத் தொடங்கும் விதம். பார்ப்பவர்களுக்குத் தூசி விழுந்ததுபோல் இருக்கும். "காலையிலேர்ந்து இந்த வாசல் வழியா என்னென்ன வெளியே போச்சு?"

"ஒரு துண்டுத் தாள்கூடப் போகல. உள்ள வர்றப்ப குடை, வெளியே போறப்ப பை. யாரா இருந்தாலும் திறந்து பார்ப்பேன். தலைவரோட டிபன் பாக்ஸையே திறந்து பார்த்திருக்கேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?" என்றான் மைத்துனன்.

"பாவம், ஒண்ணும் இல்ல."

"எல்லாருக்கும் ஒரே சட்டமா?"

"ஒரே சட்டம்தான். படங்களைப் பத்தி எழுதுற விமர்சகர் ஐயாவுக்கு மட்டும் கிடையாது. அவர் கையில இருக்குறது குடை இல்லையாம், விருதாம். வெள்ளிப் பிடி போட்டு மேடையில குடுத்தது. இடுப்புல கட்டாத வாள் மாதிரி எங்கே போனாலும் கூடவே வரும்."

மூக்கு இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவர் ஏற்கெனவே தரையில் மூடுபனியின் காலடித் தடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

தலைவர் எதிரே வந்தார். சாதாரணமாகப் பேசும்போதே முன்னால் மைக் இருப்பதுபோல் பேசக்கூடியவர். இருமினால்கூடக் கைதட்டலுக்கு இடைவெளி விடுவார்.

"வாருங்கள். நம் பண்பாட்டின் இதயத்தில் கைவைத்துவிட்டார்கள்."

"இதயம் எந்த மாடி சார்?" என்றான் மைத்துனன்.

பின்கட்டில், படங்களைச் சீரமைக்கும் அறை. நீளமான மேஜை, அதன் மேல் தூரிகைகள், பஞ்சு, ஆவி விட்டுக்கொண்டிருந்த ஒரு கெட்டில். நடுவே தாங்கியில் ஓர் ஓவியம். மூலையில் ஸ்டூல் போட்டு ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். கிழிந்த, உதிர்ந்த, பூசணம் பிடித்த படங்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. இன்று காலை முதல், தலைவருக்கு மட்டும், திருடி.

தலைவர் ஒரு சுவரொட்டியை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். "இது அசல். 'காத்திருக்கும் பெண்'. எங்கள் காப்பி கோப்பையிலும், சாவி வளையத்திலும், கைக்குட்டையிலும் இருப்பவள். முப்பது ஆண்டுகளாக உலகமே வந்து தரிசித்த மூடுபனி இது!"

சுவரொட்டியில் பால்போல ஒரு வெண்மை. அதற்குள் மங்கலாக ஒரு படகுத்துறை. துறையின் ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் உருவம்.

"இது அவள் மாற்றி வைத்திருக்கும் போலி!" தலைவர் தாங்கியைக் காட்டினார்.

அங்கே அதே படகுத்துறை, ஆனால் உச்சிவெயில். படகுக்காரன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். பெண் நின்ற இடத்தில் ஒரு கம்பம். கம்பத்தின் மேல் ஏதோ தொங்கியது.

"அவளுக்குப் பதிலாக இது என்ன?" என்று தலைவர் கர்ஜித்தார்.

"சாக்கு, சார்," என்றாள் டாக்டரம்மா.

"சாக்குச் சொல்லாதே!"

"நான் சொல்லல சார். வரைஞ்சவரு சொல்லியிருக்காரு. நனைஞ்ச சாக்கைக் கம்பத்துல காயப்போட்டிருக்காரு."

மூக்கு தொண்டையைச் செருமினார். "அம்மா, மூடுபனியை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிட்டா எனக்கும் நல்லது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"அது மூடுபனியே இல்லீங்க. தாள்."

"என்ன தாள்?"

டாக்டரம்மா காலையிலிருந்து பலமுறை சொல்லி, யாரும் கேட்காத கதையை மறுபடியும் தொடங்கினாள். "பழைய படங்கள்ல பெயின்ட் செதில் செதிலாத் தூக்கிட்டு நிக்கும். அப்படியே லாரியில ஏத்தினா, வந்து இறங்குறப்ப துணி மட்டும்தான் மிஞ்சும். பெயின்ட்டெல்லாம் வழியில கொட்டியிருக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி, மெல்லிசான தாளைப் படத்து முகத்து மேல பசை போட்டு ஒட்டிடுவோம். ஒரு செதில்கூட நகராது. வந்து சேர்ந்ததும் உரிச்சு எடுத்துடணும். எடுக்க வர்ற மாதிரி பசையாத்தான் போடுவோம்."

"அடிபட்ட இடத்துல கட்டுப் போடுற மாதிரி," என்றான் மைத்துனன்.

"அதேதான். இந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினவங்க, கட்டைப் பிரிக்காமலே மாட்டிட்டாங்க. மேல கண்ணாடியும் போட்டாச்சு. தாள் வருஷக்கணக்கா அப்படியே இருந்து வெளுத்துப் போச்சு."

"அப்ப முப்பது வருஷமா, தலையில கட்டுப் போட்ட நோயாளியைப் பார்த்து, ஆஹா என்ன களை, என்ன களைன்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க."

"மாப்ளே, சும்மா இரு," என்றார் மூக்கு. "இவங்களை உரிக்கச் சொன்னது யாரு?"

"தலைவர்தான். இன்னிக்குச் சாயங்காலம் விழா, படம் பளிச்சுனு இருக்கணும்னு சொன்னாரு."

"கண்ணாடியைத் துடை என்ற பொருளில் சொன்னேன்!"

"துடைச்சேன் சார். அப்பவும் பளிச்சுனு ஆகல. கழட்டிப் பார்த்தா ஓரத்துல தாள் தெரிஞ்சுது. உங்ககிட்ட வந்து சொன்னேனே. தொழில் விவரமெல்லாம் என் காதுக்கு வரக் கூடாதுன்னுட்டீங்க. தூக்கி நின்ன செதிலையெல்லாம் உட்காரவெச்சுட்டு, பொறுமையா உரிச்சேன். ஒரே விரிப்பா வந்துச்சு. இந்த மேஜையில ஈரத்தோட போட்டுட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தா மேஜை காலி. வாசல்ல விமர்சகர் ஐயா நின்னுக்கிட்டு, திருட்டு திருட்டுன்னு கத்திட்டிருக்காரு."

"இருந்தால்தானே காணாமல் போகும்!" என்றார் தலைவர். "தாளைக் காட்டட்டும், நம்புகிறேன். இல்லையென்றால், சிறப்பு விருந்தினர் வரும் முன் போலீஸ் வரும். நாங்கள் எதையும் இழக்கவில்லை, திருடியைப் பிடித்துவிட்டோம் என்ற தோற்றமாவது இருக்க வேண்டும்."

டாக்டரம்மா மூக்கைப் பார்த்தாள். "சார், இந்தத் தொழில்ல கைசுத்தம்தான் எல்லாம். திருடின்னு ஒரு தடவை பேர் விழுந்தா, கிழிஞ்ச காலண்டரைக்கூட யாரும் என்னை நம்பிக் குடுக்க மாட்டாங்க. எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது."

அந்த அறையில் அலங்காரமில்லாமல் பேசப்பட்ட முதல் வாக்கியங்கள் அவைதான். மூக்குக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. மேஜையின் மேல் குனிந்து முகர்ந்தார்.

"பசை வாசனை."

"ஆமா. தோல்ல காய்ச்சுற பசை. பச்சைத் தண்ணிக்கு மசியாது. வெதுவெதுன்னு தண்ணி காட்டினா உடனே விட்டுடும். ஆறிப் போச்சுன்னா மறுபடியும் உடும்புப் பிடிதான்."

மூக்கு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தேஜஸ். "காற்று! தாள் மெல்லிசு. ஜன்னல் வழியாப் பறந்திருக்கு!"

"ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்ல, மாமா. கண்ணாடியை அப்படியே பதிச்சிருக்காங்க."

"அதையும் கவனிச்சேன்," என்றார் மூக்கு, அப்போதுதான் கவனித்து.

வேறு எதையாவது கவனித்தாக வேண்டிய கட்டாயத்தில் சுவரொட்டியை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். இந்த இடத்தில் அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாப்ளே, மூடுபனிக்கு ஸ்கேல் பிடிக்கத் தெரியுமா?"

"ஏன் மாமா?"

"இங்க பாரு. இந்த வெள்ளை மேலேர்ந்து கீழ வரைக்கும் அங்கங்கே பட்டை பட்டையா அடர்த்தியா இருக்கு. எல்லாப் பட்டையும் ஒரே அகலம். கோடு போட்ட மாதிரி நேரா இறங்குது."

டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டாள். "அது தாளுக்கு மேல தாள் ஏறின இடம் சார்! ஒரே தாள்ல முழுப் படத்தையும் மூட முடியாது. ஒண்ணோட ஓரத்துல அடுத்தது விரல் அகலத்துக்கு ஏறி நிக்கும். அங்கே ரெண்டு மடங்கு வெளுப்பாத் தெரியும்."

"அபத்தம்!" தலைவர் துடித்தார். "அவை ஐந்து மௌனங்கள்! விமர்சகர் ஒவ்வொரு மௌனத்துக்கும் தனித்தனி நூல் எழுதியிருக்கிறார்!"

"தாள் கொஞ்சம் அகலமாக் கிடைச்சிருந்தா ரெண்டு நூலோட தப்பிச்சிருக்கலாம்," என்றான் மைத்துனன்.

"கோடுகளை வைத்து என்னை ஏமாற்ற முடியாது. தாள் எங்கே? தாளைக் காட்டுங்கள்!"

இந்தச் சமயத்தில் கதவு திறந்தது. விமர்சகர் வந்தார்.

துயரத்தைத் தணித்துக்கொள்ள எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தவர், உச்சி முதல் உள்ளங்கால்வரை தெப்பலாக நனைந்திருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மார்போடு அணைத்தபடி, வெள்ளிப் பிடி போட்ட அந்த விருதுக் குடை.

"அடடா, நனைந்துவிட்டீர்களே!" என்றார் தலைவர்.

"மழையைக் குடையால் மறுப்பவன்," விமர்சகர் கண்களை மூடிக்கொண்டார், "மழையை வாசிக்கத் தெரியாதவன்."

தலைவர் மெய்சிலிர்த்தார். இதை விழா மலரில் போட வேண்டும் என்று முணுமுணுத்தார்.

"சளி பிடிச்சா அதையும் வாசிப்பாரு," என்று மைத்துனன் மூக்கின் காதில் சொன்னான்.

மூக்கு விசாரணையைத் தொடங்கினார். "ஐயா, காலையில இந்த அறைக்கு முதல்ல வந்தது நீங்கதானே? மேஜை மேல தாள் ஏதாவது பார்த்தீங்களா?"

"என் கண்ணில் பட்டது ஒன்றுதான். இன்மை. அவள் இல்லை. முப்பது வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன் ஐயா."

"வீட்டுல தெரியுமா சார்?" என்றான் மைத்துனன்.

விமர்சகர் அவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதற்குமேல் கேட்க மூக்குக்குக் கேள்வி கிடைக்கவில்லை. கேள்வி தீர்ந்துபோகும்போதெல்லாம் அவர் செய்வதையே இப்போதும் செய்தார்.

"மாப்ளே, ஒரு டீ வாங்கிட்டு வா."

மைத்துனன் போன வேகத்தில் திரும்பி வந்தான். "மாமா, ஒரு துயரச் செய்தி. நம்ம குடையை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"காவலாளி?"

"உள்ள வர்ற குடையைத்தான் பார்ப்பாராம். வெளிய போற குடை அவரு இலாகா இல்லையாம்."

மூக்கின் முகம் சிறுத்துவிட்டது. ஊரின் ஒரே துப்பறிவாளருடைய குடை, அவர் துப்பறிந்துகொண்டிருக்கும் கட்டடத்திலேயே போயிருந்தது. அக்காவின் கரண்டி இன்றிரவு எவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்கும் என்று மைத்துனன் மனக்கணக்குப் போட்டான். பிறகு விமர்சகர் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்கதான் மழையை வாசிச்சு முடிச்சிட்டீங்களே. அந்தக் குடையைக் கொஞ்சம் குடுங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

விமர்சகர் ஓரடி பின்வாங்கினார். "இது குடை அல்ல. கௌரவம்."

"கௌரவத்தைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டு வந்துடறேன் சார்."

"தொடாதே!"

மைத்துனன் தொட்டுவிட்டான். இழுத்தும்விட்டான். பழக்கதோஷத்தில் பொத்தானையும் அழுத்திவிட்டான். குடை விரியவில்லை. கம்பிகள் உள்ளே ஒரு முனகு முனகின. அவ்வளவுதான். துணி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டை மாதிரி இருந்தது.

"என்ன மாமா இது, கௌரவம் திறக்கவே மாட்டேங்குது."

மூக்கு மெல்லத் திரும்பினார். கண்களை இடுக்கவில்லை. உண்மையாகவே ஏதாவது புரிந்தால் அவர் இடுக்குவதில்லை.

"ஐயா, கையில குடையை வெச்சுக்கிட்டு ஒருத்தர் மழையில நனைஞ்சு வந்தா ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு காதல். இல்லேன்னா குடை திறக்கல. உங்க வயசைப் பார்த்து நான் முதல் காரணத்தைத் தள்ளிட்டேன்."

அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமான டீயைப் பற்றி மூக்கு பிற்பாடு எங்கும் குறிப்பிட்டதில்லை.

டாக்டரம்மா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அகலமான ஒரு தட்டை எடுத்துவைத்து, கெட்டில் தண்ணீரைக் கொஞ்சம் விளாவி ஊற்றி, மைத்துனன் கையிலிருந்து குடையை வாங்கி அதில் கிடத்தினாள். புரட்டிப் புரட்டி நனைத்தாள். சற்றுப் பொறுத்து, காய்ச்சல்காரன் சட்டையைக் கழற்றுவதுபோல் ஒவ்வொரு மடிப்பாக விலக்கினாள். கறுப்புத் துணியிலிருந்து பால் நிறத்தில் ஒரு விரிப்பு வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரிரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மற்றபடி முழுசு.

அதை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் பரப்பி, இரு கைகளாலும் தூக்கி, ஓவியத்துக்கு முன்னால் பிடித்தாள்.

உச்சிவெயில் அணைந்தது. படகுக்காரன் கரைந்தான். துறையின் மேல் மூடுபனி இறங்கியது. கம்பத்தில் கிடந்த சாக்கு தலைகுனிந்து, தோள் சரிந்து, யாருக்காகவோ காத்திருக்கத் தொடங்கியது.

அறையில் ஆறாவது மௌனம் நிலவியது.

விமர்சகர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் பேசியபோது, அந்தக் குரலை மேடையில் யாரும் கேட்டதில்லை. "இன்னிக்குக் காலையிலதாம்மா எனக்கே தெரியும். சும்மா எட்டிப் பார்க்கலாம்னு கதவைத் திறந்தேன். தாங்கியில அந்தச் சாக்கு. மேஜை மேல என் முப்பது வருஷம் ஈரத்தோட கிடக்குது. என்ன செய்யறதுன்னே தெரியல. சுருட்டிக் குடைக்குள்ள விட்டுட்டேன்."

"அதோட நிறுத்தியிருக்கலாமே ஐயா. திருட்டுன்னு ஏன் கத்தினீங்க?"

"நீ திரும்பி வர்ற சத்தம் கேட்டுச்சும்மா."

டாக்டரம்மா கோபப்படத் தயாராகி, ஏனோ படவில்லை. தகட்டைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைக் காட்டினாள். "சாக்குதான் ஐயா. ஆனா நல்ல சாக்கு. இந்த முனையில தண்ணி சொட்ட நிக்குது பாருங்க. ஒரே சொட்டு. அதுக்குள்ள வெயில் தெரியுது. இதை ஒருத்தர் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பார்த்திருப்பாரு."

யாரும் பார்க்கவில்லை. தலைவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மறுபடியும் ஒட்ட முடியுமா?"

"ஒட்டக் கூடாது சார். கட்டுப் பிரிச்ச காலுக்கு யாராவது மறுபடியும் கட்டுப் போடுவாங்களா?"

"விருந்தினர் வந்து மூடுபனி எங்கே என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? சாக்கையா?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மைக் இல்லாத அந்த அறையில், மைக்கைச் சரிசெய்வதுபோல் கையை உயர்த்தினார். "திருட்டு எதுவும் நடக்கவில்லை. காவல் துறை வர வேண்டாம். மூடுபனி மீட்கப்பட்டது!"

கைதட்டலுக்கு இடைவெளி விட்டார். மைத்துனன் ஒரு தட்டு தட்டினான், பாவம் பார்த்து.

மாலை விழா குறித்த நேரத்தில் நடந்தது. மீட்டவர் என்று மூக்குக்குச் சால்வை போட்டார்கள். மழை விடாததால் அதைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். விமர்சகர் 'வெளியின் தோல்' என்ற தலைப்பில், தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாமல் பேசினார். ஆறாவது நூல் தயாராகிறது. உச்சிவெயிலும் படகுக்காரனும் சாக்கும் கீழே கிடங்குக்குப் போனார்கள்.

டாக்டரம்மாவுக்கு அவள் வேலையும் பேரும் திரும்பக் கிடைத்தன. முதல் வேலையாக அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு, படம் இருந்த இடத்தில் மாட்டச் சொன்னார்கள்.

தாள் ரொம்ப நைந்திருப்பதால், பாதுகாப்புக்கு அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள்.